இயந்திரம் பேணும் தொழில்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையில் யாம் பேசுவது இது முதன்முறையன்று. முன்னர்ப் பேசியபொழுதெல்லாம் இலக்கியத்தையோ இலக்கணத்தையோ பொருளாகக் கொண்டோம். தமிழாசிரியராகிய எமக்கு அவையே உரிய பொருள்களுமாம். இன்றோ, தொழிற்சாலைகளில் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பேணும் தொழிலாளியின் வாழ்க்கையைப் பற்றிப் பேச முன்வந்து நிற்கின்றோம். 'பண்டிதருக்கும் பேரிங்குக்கும் என்ன தொடர்பு?' என்று சிலர் புன்முறுவல் பூப்பது எமக்குத் தெரிகின்றது. அவர்கள் நகைப்பது நியாயமே. ஆயினும் இப்பொருளில் யாம் ஒரு பெரும் பிழை செய்தோம். அப்பிழையின் பயனை எம் தமக்கையார் குடும்பம் பல ஆண்டுகள் நுகர்ந்தது. அத்தகைய பிழை இச்சபையிலுள்ள வேறொருவர் இல்லத்தில் நிகழாதிருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே எம்மை ஈண்டு நிறுத்தியது. தொழில்நுட்பம் கற்றோர் சிலரும் இவ்வவையில் உளர். யாம் கூறுவனவற்றுட் குறையிருப்பின் அவர்கள் பொறுத்தருள்வாராக.

முதற்கண் இத்தொழில் யாது என்பதை ஆராய்வோம். ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தை வகுத்தமைப்பவர் பொறியாளர். அதனை நாள்தோறும் ஓட்டிப் பொருள் செய்பவர் இயக்குநர். இவ்விருவருக்கும் இடையில் நின்று, அவ்வியந்திரம் நோயுறாமற் காப்பவரும், நோயுற்றால் மருத்துவம் செய்பவரும் ஆகியவரே பராமரிப்புத் தொழில்நுட்பர். நம் ஊர்ப்புறத்தார் இவரை 'மெக்கானிக்' என்றும், 'பிட்டர்' என்றும், 'கரண்டுக்காரர்' என்றும் அழைப்பர். பெயர் பலவாயினும் தொழிலின் உயிர்நிலை ஒன்றே. பிறர் கண்ணுக்குத் தோன்றுமுன் பழுதைத் தாம் காணுதலே அது.

இத்தொழில் மூவகைப்படும். பழுதான பின்னர்ச் செப்பனிடுதல் முதல்வகை. குறித்த காலத்தில் எண்ணெயிட்டு, தேய்ந்த உறுப்பை மாற்றி, பழுது வாராமற் காத்தல் இரண்டாம் வகை. இயந்திரத்தின் அதிர்வு, வெப்பம், ஓசை, அதனுள் ஓடும் எண்ணெயின் நிலை ஆகியவற்றை அளந்து, பழுது எப்பொழுது வரும் என்று முன்னுணர்ந்து அதற்கேற்பச் செயல்புரிதல் மூன்றாம் வகை. முதல்வகையை மட்டும் அறிந்தவன் தீயணைப்போனை ஒப்பன். மூன்றையும் அறிந்தவனோ குடும்ப வைத்தியனை ஒப்பன். இக்காலத் தொழிற்சாலைகள் வேண்டி நிற்பது பின்னவனையே.

பேணுதல் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதற்பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களில் ஏரி வாரியம் என்னும் குழு பேசப்படுகின்றது. குடவோலையால் ஆள் தெரிந்து, ஆண்டுதோறும் ஏரியைக் காக்கும் பொறுப்பினை ஒரு சபை ஒப்படைத்தது. ஏரியை வெட்டியவன் பெயர் ஒருகால் வரலாற்றில் நிற்கும். அதனைத் தூர்வாரிக் கரை காத்து, மதகு பார்த்தவர் பெயர் நிற்பதில்லை. ஆயினும் நெல் விளைந்தது பின்னவரால் அன்றோ?

தமிழுக்கும் இது பொருந்தும். ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளில் உளுத்துப்போகும் இயல்பினது. அதற்கு எண்ணெய் பூசியும், சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதியும் காத்த பெயரறியா எழுத்தாளர் வழிவழியாக இல்லையெனின், 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரின் கைக்கு எந்த ஏடு கிடைத்திருக்கும்? நூலைப் படைத்தவரைப் போற்றுகின்ற நாம், காத்தவரை மறந்தோம். இயந்திரத்திலும் அங்ஙனமே செய்கின்றோம். யாமும் அங்ஙனமே செய்தோம். அதனை இனிக் கூறுவோம்.

எம் தமக்கையாருக்கு ஒரே மகன். சிறுபருவத்திலேயே அவன் கை சும்மா இருப்பதில்லை. வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர் நின்றுபோனால் அவனே பிரித்துச் சரிசெய்வான். தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடும் ஓசையை வாயிற்படியில் நின்று கேட்டு, 'பேரிங் போகப்போகிறது' என்பான். பத்து நாளிற் போய்விடும். பத்தாம் வகுப்பில் 500-க்கு 331 மதிப்பெண் பெற்றான். தொழிற்பயிற்சி நிலையத்திற் சேர்ந்து எலெக்ட்ரீஷியன் பயிற்சி பெற விழைவதாகத் தாயிடம் கூறினான். தமக்கையார் எம்மிடம் கேட்டார்கள். குடும்பத்திற் படித்தவர் யாம் ஒருவரே ஆதலின் எம் சொல்லே முடிந்த சொல்லாயிற்று.

யாம் என் கூறினோம்? 'நம் குலத்துப் பிள்ளை எண்ணெய்க் கையோடு நிற்பதா? எப்பாடுபட்டேனும் பொறியியற் பட்டம் வாங்கட்டும்' என்றோம். அப்பொழுது எமக்குத் தொழிற்பயிற்சி நிலையம் எத்திசையில் இருக்கின்றது என்பதுகூடத் தெரியாது. அறியாத ஒன்றை இகழ்ந்தோம். கற்றவன் செய்யத்தகாத செயல் அது.

அவன் மேனிலைப் பள்ளியிற் படித்தான். பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தான். தமக்கையார் நகையை அடகு வைத்தார்கள். வங்கியிற் கடன் பெற்றார்கள். அக்கல்லூரியில் அவன் கண்டது கரும்பலகையும் அச்சிட்ட குறிப்புகளும் மட்டுமே. ஒரு திருகாணியைத் திருகாமலே ஈராண்டு கழிந்தது. மூன்றாம் ஆண்டின் முடிவில் 17 பாடங்கள் நிலுவையாயின. விடுமுறைக்கு வந்தவன் யாரோடும் பேசான். வீட்டுக் கிரைண்டர் பழுதாகி மூலையிற் கிடந்தது. அவன் அதனைத் திரும்பியும் பார்த்திலன். தமக்கையார் அம்மியில் அரைத்தார்கள். எமக்கு அன்று விளங்காத ஒன்று அவருக்கு விளங்கியது. 'தம்பி, அவன் பாடத்தில் தோற்றதற்கு யான் வருந்தவில்லை. கிரைண்டரைத் தொடவில்லையே, அதற்குத்தான் அஞ்சுகிறேன்' என்றார்கள். யாம் தலைகவிழ்ந்து நின்றோம்.

நான்காம் ஆண்டு முடிந்தது, பட்டம் கிடைக்கவில்லை. அவனுக்கு அப்பொழுது 22 வயது. யாமே அவனை அழைத்துச்சென்று அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தோம். தன்னினும் ஆறாண்டு இளைய பிள்ளைகளோடு அவன் பெஞ்சியில் அமர்ந்தான். முதல் மாதம் இரும்புத் துண்டை அரத்தால் அராவுவதிலேயே கழிந்தது. ஒரு சனிக்கிழமை தமக்கையார் இல்லம் சென்றபொழுது கூடத்தில் மாவரைக்கும் ஓசை கேட்டது. யாம் வாயிலில் நின்றுவிட்டோம். அவ்வோசை எமக்கு எப்பாட்டினும் இனிதாயிருந்தது.

இரண்டாண்டுப் பயிற்சியும், ஒரு நூற்பாலையில் ஓராண்டுத் தொழில் பழகுதலும் முடித்து, இன்று அவன் அத்தகைய பிறிதோர் ஆலையில் பராமரிப்புத் தொழில்நுட்பனாயிருக்கின்றான். ஓர் ஆயுதபூசை நாளன்று குடும்பத்தாரை உள்ளே அழைப்பது அவ்வாலை வழக்கமாதலின் யாமும் சென்றிருந்தோம். இயந்திரங்களெல்லாம் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடப்பெற்று நின்றன. பொரியும் கடலையும் வழங்கினர். பூசை முடிந்து அடுத்த ஷிப்டுக்கு இயந்திரங்களை ஓட்டினர். கால்மணி நேரத்திற்குள் கூடத்திற்கு ஈரக்காற்று ஊட்டும் பெரிய விசிறி நின்றுவிட்டது. காற்றின் ஈரம் குறையின் நூல் அறுபடும் என்று அருகிலிருந்தோர் எமக்கு விளக்கினர்.

மறுபடி ஓட்டினர், மறுபடி நின்றது. மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் ரிலே என்னும் கருவி தன் கடமையைச் செய்தது. மூத்தவர் ஒருவர், 'ரிலேயின் அளவைச் சற்றே கூட்டிவை, ஓடிவிடும்' என்றார். எம் மருமகன் பணிவோடு, 'அண்ணே, அது காவற்காரன். கூவுகிறவன் வாயை மூடிவிட்டால் திருடன் போய்விடுவானா?' என்றான். பின்னர்க் கிளாம்ப் மீட்டர் என்னும் கருவியால் மூன்று கம்பிகளிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்தான். இரண்டில் 31-உம் 33-உம் ஆம்பியர், ஒன்றில் 44. மூன்றும் ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். மூன்று கட்டங்களின் மின்னழுத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு உண்டாயின், மின்னோட்டத்தில் அது 6 முதல் 10 மடங்காகப் பெருகித் தோன்றும் என்பது இத்துறையோர் கண்ட உண்மை. ஆகவே பிணி மோட்டாரில் இல்லாமலும் இருக்கலாம். மோட்டாருக்கு வரும் வழியில் இருக்கக்கூடும் என்று ஐயுற்றான்.

அவன் அடுத்துச் செய்ததே எம் நெஞ்சிற் பதிந்தது. மின்சாரத்தை நிறுத்தினான். நிறுத்திய கைப்பிடியில் தன் பூட்டைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் இட்டுக்கொண்டான். தன் பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட்டான். சோதிக்கும் கருவியை முதலில் மின்சாரம் உள்ள வேறோரிடத்தில் வைத்து அது சரியாகக் காட்டுகின்றதா என்று பார்த்தான். பின்னர்ப் பெட்டியுள் மின்சாரம் இல்லை என்று கண்டான். மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் அக்கருவியையே சோதித்தான். அதன் பின்னரே பெட்டியுட் கை வைத்தான். கான்டாக்டர் என்னும் இணைப்புக் கருவியில் மூன்று தொடுமுகங்களில் ஒன்று கருகிக் குழிவிழுந்திருந்தது. அத்தொகுதியை மாற்றிப் பூட்டை நீக்கி ஓட்டினான். கம்பிகள் 32, 33, 32 என்று காட்டின. விசிறி நிற்கவில்லை.

யாம் அவனை நோக்கி, 'மோட்டாரில் அன்று என்பதை எங்ஙனம் முன்னரே ஐயுற்றாய்?' என்றோம். 'மாமா, நீங்கள் மாணவர் எழுதிய வெண்பாவைப் படிக்கக் கேட்டதுமே தளை தட்டுகிறது என்பீர்களே, அலகிட்டுப் பார்ப்பது பிறகுதானே? மோட்டாரின் ஓசை அத்தகையதே. செவி முதலில் ஐயுறும். மீட்டர் பின்பு உறுதி சொல்லும்' என்றான். முப்பது ஆண்டு யாப்புப் பயின்ற யாம், எம் கல்விக்கும் அவன் கல்விக்கும் உள்ள உறவை அன்றே அறிந்தோம்.

நிற்க. வேலை முடிந்தபின் அவன் ஒரு பதிவேட்டை எடுத்து, நாள், நேரம், கண்ட குறி, அளந்த அளவு, காரணம், செய்த செயல் ஆகியவற்றை ஆறு வரியில் எழுதினான். அதில் ஒரு சொல் மிகையில்லை. ஒரு சொல் குறையுமில்லை. எழுத்து எதற்கு, கை அறிந்தாற் போதாதா என்பார்க்கு ஒரு வரலாறு சொல்லுவோம்.

வடகடலில் ஸ்காத்லாந்துக்கு அப்பால் பைப்பர் ஆல்பா என்னும் எண்ணெய்த் தளம் இருந்தது. 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பகலில், அங்கிருந்த இரண்டு பம்புகளுள் ஒன்றின் காப்பு வால்வைச் செப்பனிடுவதற்காகக் கழற்றி, அவ்விடத்தை ஒரு தட்டினால் மூடியிருந்தனர். அச்செய்தி ஒரு தாளில் இருந்தது. இரவு ஷிப்டினருக்கு அது தெரியவரவில்லை. இரவில் மற்றைய பம்பு நின்றது. கழற்றிய வால்வுடைய பம்பை ஓட்டினர். வாயு கசிந்தது, வெடித்தது, தீப்பற்றியது. 167 பேர் மாண்டனர். கல்லன் பிரபுவின் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1990-இல் வெளிவந்தது. வேலை அனுமதிச் சீட்டும், ஒரு ஷிப்டினர் மறு ஷிப்டினருக்குச் செய்தி ஒப்படைக்கும் முறையும் எத்துணைச் சீர்கெட்டிருந்தன என்பதை அவ்வறிக்கை உலகுக்குக் காட்டியது. ஒரு செய்தி உரியவர் கையிற் சேராமையால் 167 உயிர் போயின. பிள்ளைகளே! தெளிவாக எழுதுதலும், எழுதியதைப் பொருளுணர்ந்து படித்தலும் எம் தேர்வுத்தாளுக்காக மட்டும் என்று எண்ணற்க.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. போபால் நகரில் 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு நச்சுவாயு பரந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். தொட்டியிலிருந்த நச்சுத் திரவத்தைக் குளிர்நிலையில் வைக்கும் சாதனம் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் குழாய் பழுதால் இணைப்பற்றுக் கிடந்தது. காப்புக் கருவிகள் இருந்தன. அவற்றைப் பேணுதல் இல்லை. பேணுவோனின் கூலியை மிச்சப்படுத்தும் முதலாளி எதனை மிச்சப்படுத்துகின்றான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, இத்தொழிலிற் புகும் வழியைக் கூறுவோம். இந்திய அரசினர் 1950-இல் கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். அதன்வழி நடைபெறுவனவே தொழிற்பயிற்சி நிலையங்கள். பத்தாம் வகுப்பிற் றேறியோர் பிட்டர், எலெக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், இயந்திரக் கருவிப் பராமரிப்பு முதலிய பிரிவுகளில் இரண்டாண்டு பயிலலாம். வெல்டர் பயிற்சி ஓராண்டு. முடிவில் அகில இந்தியத் தேர்வெழுதித் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அச்சான்றிதழ் நாடெங்கும் செல்லும்.

அதன் பின்னர்த் தொழில் பழகுதல். 1961-ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின்கீழ், தொழிற்சாலையிலேயே உதவித்தொகை பெற்றுக்கொண்டு பழகலாம். 2019-இல் திருத்திய விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்கள் தம் தொகையில் நூற்றுக்கு 2½ முதல் 15 வரை பயிற்சியாளரைச் சேர்த்தல் வேண்டும். ஆதலின் வாயில் மூடியிருக்கின்றது என்று ஒருவரும் சொல்லற்க, தட்டுவாரே குறைவு. இவ்வோராண்டைச் சம்பளக் குறைவு கருதித் தவிர்ப்பவன், நீந்தக் கற்றுவிட்டு ஆற்றில் இறங்காதவனே ஆவான்.

மேற்படிப்புக்கு வழியடைந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோர் உளர். அவ்வச்சம் வேண்டா. நம் மாநிலத்தில் தொழிற்பயிற்சி முடித்தோர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டிற் சேரலாம். டிப்ளமோ முடித்தோர் பொறியியற் கல்லூரியிலும் நேரே இரண்டாம் ஆண்டிற் சேரலாம். எம் மருமகன் இவ்வழியே முதலிற் சென்றிருப்பின், கையும் கருத்தும் ஒருங்கே வளர, ஒரு கல்லூரிக் கடனுமின்றி மேலே ஏறியிருப்பான். யாம் அவனைக் கூரையில் ஏற்றிவிட்டு ஏணியைத் தேடினோம். உதவித்தொகையும் உண்டு. அரசினர் பள்ளியிற் பயின்ற பெண்மக்களுக்கு 2022-இலும் ஆண்மக்களுக்கு 2024-இலும் தமிழ்நாட்டரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்களில் தொழிற்பயிற்சி மாணவரும் உரியர். பெண்மக்களைச் சிறப்பாகக் குறித்தோம். அளவறிதலும், அமைதியும், ஐயம் தீரும்வரை விடாது ஆராய்தலும் வேண்டும் இத்தொழிலுக்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு இயல்பில் இல்லை.

'இயந்திரங்கள் தாமே இயங்கும் காலம் வந்துவிட்டதே, இனி இத்தொழில் நிற்குமா?' என்று வினவுவோர் உளர். இவ்வினா புதிதன்று. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் டிக் மார்லி என்பாரும் அவர் குழுவினரும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணிப்பொறியை அமைத்தனர். பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த ரிலேக்கள் செய்த வேலையை அது தனியே செய்தது. அதனால் பராமரிப்போன் ஒழிந்தானா? இல்லை, கம்பியைத் தேடியவன் நிரலைப் படிக்கக் கற்றான். எத்துணை அறிவுடைய இயந்திரமாயினும் அதற்கும் தூசி உண்டு, அதிர்வு உண்டு, தேய்வு உண்டு. தானியங்கி எவ்வளவு பெருகுமோ அவ்வளவு பேணுவோரும் வேண்டப்படுவர். ஆனால் கற்பதை நிறுத்தியவனுக்கு இடமில்லை. ஒருமுறை பெற்ற சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு இருபதாண்டு இருந்துவிடலாம் என்பவன் வேறு தொழில் தேடுக.

ஒரு சிறு கணக்கும் சொல்லுவோம். ஒரு ஷிப்டு 480 நிமிடம். அதில் 48 நிமிடம் இயந்திரம் நின்றால், ஓடியது நூற்றுக்கு 90. ஓடிய பொழுது முழுவேகத்தில் நூற்றுக்கு 95 பங்கு ஓடிற்று. செய்த பொருளில் நூற்றுக்கு 99 பழுதற்றது. மூன்றையும் பெருக்கினால் நூற்றுக்கு ஏறக்குறைய 85 வரும். ஜப்பானியராகிய நகாஜிமா வகுத்த இக்கணக்கில், 85 பெற்ற தொழிற்சாலை மிகச் சிறந்ததாக எண்ணப்படும். ஒவ்வொன்றும் நன்றாய்த் தோன்றியும் பதினைந்து பங்கு எங்கோ போகின்றது. போவது எங்கே என்று கண்டுபிடிப்பவனே எம் மருமகனைப் போன்றவன். ஜப்பானில் 1971-இல் நிப்பாண்டென்சோ நிறுவனத்தில் வளர்ந்த முறையின் சாரம் மற்றொன்று. இயந்திரத்தை ஓட்டுபவனே அதனைத் துடைக்கவும் வேண்டும். துடைக்கும் கைதான் விரிசலை முதலிற் காணும். ஓட்டுவோன் உயர்ந்தோன், துடைப்போன் தாழ்ந்தோன் என்னும் எண்ணம் அங்கே ஆலைக்கே நட்டம் என்று கண்டு விலக்கப்பட்டது.

இத்தொழிலின் துன்பங்களை மறைத்துப் பேசுதல் அறமன்று. முதலில் ஊதியம் சிறிது. இரவு ஷிப்டு உண்டு. தீபாவளியன்றும் அழைப்பு வரும். எல்லாரும் விடுமுறையில் இருக்கும்பொழுதே பெரிய பராமரிப்பு வேலை நடக்கும். ஒப்பந்தக் கூலியாக ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் இடங்களும் உள. ஆகவே வேலையிற் சேருமுன் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். நியமனக் கடிதம் உண்டா? வருங்கால வைப்புநிதியும் ஈட்டுறுதியும் உண்டா? பூட்டுப் பூட்டி வேலைசெய்யும் முறை நடைமுறையில் உண்டா, சுவரில் எழுதி மட்டும் இருக்கின்றதா? மூத்தவர் கற்பிப்பாரா? புதிய இயந்திரத்திற் பயிற்சி தருவாரா? மூன்றாம் கேள்விக்கு விடை இல்லையெனின், ஊதியம் எத்துணைப் பெரிதாயினும் அவ்விடத்தை விட்டு நீங்குக. விரலும் உயிரும் மாதச் சம்பளத்தில் அடங்கா.

இறுதியாக நம் சங்கத்தை நோக்கிச் சில சொல் உண்டு. கசப்பாயினும் பொறுத்தருள வேண்டுகின்றோம். நம் இதழின் மணமக்கள் பகுதியை எடுத்துப் பாருங்கள். 'பொறியாளர் வரன் தேவை' என்று பக்கம் பக்கமாக வருகின்றது. 'பராமரிப்புத் தொழில்நுட்பர்' என்று ஒருவரும் எழுதத் துணிவதில்லை. எம் மருமகனுக்காக யாம் எழுதியபொழுது, அறிந்த பெரியவர் ஒருவர், 'மெக்கானிக் என்று போடாதீர்கள். தனியார் நிறுவனத்தில் பணி என்று பொதுவாகப் போடுங்கள்' என்று நன்மை கருதியே சொன்னார். யாம் இசையவில்லை. ஒருமுறை அவன் தொழிலை மறைத்துப் பட்ட பாடு போதும். தொழில் பெயரை உள்ளபடியே அச்சிட்டோம். கடிதங்கள் குறைவாகவே வந்தன. வந்த ஒன்று நல்லதாய் அமைந்தது. பெண்ணின் தந்தையார் முதலிற் கேட்ட கேள்வி, 'மாப்பிள்ளை என்ன சம்பளம் வாங்குகிறார்?' என்பதன்று; 'எங்கள் ரைஸ்மில் மோட்டார் சூடாகிறது, என்ன காரணமாயிருக்கும்?' என்பதே. அவ்வீட்டில் அவன் இன்று மகனாக இருக்கின்றான்.

கைத்தொழிலைப் பிறப்பொடு பிணைத்து, இன்னார் இரும்பைத் தொடலாம், இன்னார் ஏட்டைத் தொடலாம் என்று வகுத்த காலத்தின் எச்சமே நம் கூச்சம். அது நம்மையே வருத்துகின்றது. கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு (1893-1974) பள்ளிப்படிப்பு மிகாதவராயிருந்தும், மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்தே பொறியியல் கற்றார். பின்னர்த் தாமே கருவிகள் பலவற்றை அமைத்தார். அவர் கையில் எண்ணெய் படாதிருந்தால் அப்பெருமை எங்கிருந்து வந்திருக்கும்?

ஆதலின் இவ்வவையின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். நம் சங்கக் கல்வி நிதி இதுகாறும் கல்லூரி மாணவருக்கே வழங்கப்பட்டு வருகின்றது. அவ்விதியைத் திருத்தித் தொழிற்பயிற்சி மாணவரையும் சேர்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன், தொழிலிற் றேர்ந்த நம் இளைஞர் ஒருவரை இதே மேடையில் பேசச்செய்தல் வேண்டும். அவர்கள் பேச்சு எம் பேச்சினும் பயன்தரும். மூன்றாவது பெற்றோர்க்கு: பிள்ளை எதனைத் தொடுகின்றது, எதனைத் தொட மறுக்கின்றது என்பதை மதிப்பெண் பட்டியலுக்கு முன்னர்ப் பாருங்கள். பட்டம் பெறத் தகுதியும் விருப்பும் உடைய பிள்ளை பட்டம் பெறுக. யாம் கல்லூரியை இகழவில்லை; ஒன்றை இகழ்ந்து பட்டது போதும். ஏடு காத்தவரையும் ஏரி காத்தவரையும் போல, ஆலை காப்பவரும் நாட்டைக் காப்பவரே என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்.

 இச்சபையின் ஒலிபெருக்கியைக் காலைமுதல் அருகிருந்து கவனித்துக்கொண்டிருக்கும் அந்தத் தம்பிக்கு எம் நன்றி உரியது. அவர் பெயரை அழைப்பிதழில் அச்சிடவில்லை. அவர் இல்லையெனின் எம் சொல் ஒன்றும் உங்கள் செவியை எட்டியிராது.